கழுவிய சுவர்: பலெர்மோவில் ஒரு சந்தைப் பள்ளிக்கூடம்

பலெர்மோவுக்குப் போகவிருப்பவர்கள் அடிக்கடி விசாரிப்பதால் என் பழைய பயணம் ஒன்றை எழுதிவைக்கிறேன். 1996 பங்குனி மாதம். ஜெர்மனிக் குளிர் எனக்கு அலுத்துவிட்டது. பலெர்மோவில் இருந்த என் அண்ணன் மனைவி மலரும் (நாங்கள் இருவருமே ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம்) "எப்ப வாறீர், எப்ப வாறீர்" என்று தொலைபேசியில் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைக் கட்டிவிட்டேன்.

நாப்போலியில் இரவு எட்டு மணிக்குக் கப்பல் ஏறினால் காலை ஏழுக்குப் பலெர்மோ. நான் கஞ்சத்தனம் பார்த்துக் கதிரையில் உட்கார்ந்தே போனேன், கழுத்து இரண்டு நாள் திரும்பவில்லை. நீங்கள் படுக்கை எடுங்கள். துறைமுகத்தில் டாக்சிக்காரர் இருபதாயிரம் லீரா கேட்டார். கூட்டிப்போக வந்திருந்த மச்சாள் அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர்கள் இருந்த போர்கோ வெக்கியோ அங்கிருந்து பத்து நிமிட நடைதான்.

மச்சாளுக்குப் பொலிதேயாமாப் பக்கம் இரண்டு சிஞ்ஞோராமாரின், அதாவது இத்தாலிய அம்மாமாரின், வீடுகளில் துப்புரவு வேலை. அவள் கிளம்பும்போது ஆறு வயது மகள் ஜெனி நித்திரை, திரும்பும்போதும் பல நாள் நித்திரை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அண்ணன்.

வீட்டுக்கு அருகே, சந்தைக்குப் பின்னால், ஜெனி முதலாம் வகுப்புப் படித்த அந்தப் பள்ளிக்கூடம் ஒருகாலத்தில் கருவாட்டுக் கிடங்கு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில் அரசாங்கப் பள்ளிகளில் இடம் போதாமல் போக, மீன்காரரும் துறைமுகத் தொழிலாளரும் கிடங்கைத் துப்புரவாக்கித் தாங்களே தொடங்கியதாம். நான் போன காலத்திலும் பெற்றோர் குழுதான் அதை நடத்தியது. அந்தப் பகுதிப் பிள்ளை என்றால் போதும், கட்டணம் கிடையாது. ஞாயிறுகளில் முதலாம் வகுப்பு அறையைத் தமிழ் வகுப்புக்கும் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஊரெல்லாம் அலைந்து கிடைத்த ஒரே இடம் அது. அங்கே படிப்பிப்பது மச்சாள். கிழமையில் அந்த ஒரு நாள்தான் அவள் ரீச்சர்.

அந்த ஞாயிறு நானும் போனேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் முற்றத்துக்கு ஓட, தாய்மார் வாளியும் துணியுமாக இறங்கிவிட்டார்கள். பாஸ்கா, உயிர்த்த ஞாயிறு, வருகிறதென்று சுவரையும் கழுவினார்கள். கதவோரச் சுவர் முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக மங்கிய பென்சில் கீறல்.

"நாளாந்தம் சிஞ்ஞோராமாரின்ரை சுவரைத் தேய்க்கிறம், எங்களுக்கு இடம் தந்தவையின்ரையைத் தேய்க்க மாட்டமே? நீர் இரும், விருந்தாள்" என்றாள் மச்சாள். அரை மணித்தியாலத்தில் சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது.

திங்கள் மச்சாளுக்கு வேலை கொஞ்சம் பிந்தித்தான், போகும் வழியில் பள்ளிக்கூடக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மீன்காரர் சால்வோ, மகனை விட வந்தவர், அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். ஆசிரியை ரொசாரியா தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மச்சாளின் முகம் செத்துப்போனது. என் பக்கம் திரும்பினாள்.

"அது கிறுக்கல் இல்லையாம். பள்ளிக்கூடம் தொடங்கின நாளிலையிருந்து முதலாம் வகுப்புப் பிள்ளையளின்ரை உயரத்தை அதிலை கீறிப் பேர் எழுதி வைச்சவையாம். சால்வோவின்ரை தமையன் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லையாம். அவரின்ரை கோடும் அதிலைதானாம்."

ரொசாரியா திறப்பை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டார். புதன்கிழமை பெற்றோர் குழு கூடி முடிவு சொல்லும் என்றார்.

இடையில் கபோ சந்தைக்குப் போய் ஒரேஞ்சு வாங்கினேன். பேருந்துக்கு ஆயிரத்து ஐந்நூறு லீரா. மச்சாள் ஒன்றும் சாப்பிடவில்லை. "வகுப்பை விட்டிட்டமெண்டால் இந்தப் பிள்ளையளோடை நாங்கள் எந்தப் பாசையிலை கதைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். 

புதன் மாலை ஐந்து மணிக்குச் சந்தையே அந்த அறைக்குள் நின்றது. மச்சாள் இத்தாலியனில் மன்னிப்புக் கேட்டாள்.  சால்வோ எழுந்து சுவரடிக்குப் போனார். துளியும் யோசிக்காமல் ஓரிடத்தில் விரலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். தினமும் தொட்ட இடம், கைக்கு மறக்குமா? பிறகு ஒரு கிழவர் எழும்பித் தன் உயரத்தைக் காட்ட, இன்னொருவர் சிரித்தபடி அவர் கையை நாலு விரல் கீழே இறக்கினார். அதன்பிறகு ஆளாளுக்கு உயரம் சொல்ல, மீன் விலை பேசுகிற சத்தம்தான்.

சால்வோ தன் மகனுடைய கோட்டைப் போட்டார். பக்கத்தில் இன்னொன்றையும் போட்டுவிட்டு, மச்சாளைப் பார்த்து ஏதோ சொன்னார். மச்சாள் பிள்ளைகளின் சின்னக் கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றேன்.

"ஜெனி தன்ரை மகனிலும் ஒரு விரல் உயரமாம். அவன் அதுக்கு வீட்டை வந்து அழுதவனாம்." அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "என்ரை பிள்ளையின்ரை கோடும் அதிலை இருந்திருக்கு, மச்சாள். நான்தான் தேய்ச்சனான். இருந்ததே எனக்குத் தெரியாது."

அவள் அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். சால்வோ பென்சிலை அவளிடம் நீட்டினார். கோட்டுக்கு மேலே அவள் தமிழில் 'ஜெனி' என்று எழுதினாள். ரொசாரியா லாச்சியைத் திறந்து, திறப்பை அவள் கையில் வைத்தார்.

போகிறவர்கள் பங்குனியில் போங்கள், வெயில் இதமாக இருக்கும். கடைகள் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை பூட்டு. அந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களை உள்ளே விட்டால், கதவோரச் சுவரில் மட்டும் சாயாதீர்கள். பென்சில் கோடு, உங்கள் சட்டையோடு வந்துவிடும்.