முதல் வெடி எங்கள் வீட்டில்

எங்கள் ஊரில் பொங்கலன்று முதல் வெடி எங்கள் வீட்டில்தான் கேட்கவேண்டும். பால் பொங்கி வழிகிற நேரம் பார்த்து ஐயா, என் தகப்பனார், முற்றத்தில் நின்று துவக்கால், அதுதான் துப்பாக்கியால், ஒரு வெடி தீர்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளில் சீனவெடி கொளுத்துவார்கள். எங்களை முந்திக்கொண்டு எவனாவது கொளுத்தினால் அது மரியாதைக் குறைவு. மத்தியானத்துக்குள் அவனுடைய தகப்பன் எங்கள் வாசல் படலையடியில் மன்னிப்புக் கேட்டு வந்து நிற்பான்.

அந்தத் துவக்கு ஐயாவின் பாட்டனாருக்குக் கிடைத்தது. அவர் ஊர்த்தலைவராக, விதானையாராக இருந்த காலத்தில், அரசாங்கக் கச்சேரியிலிருந்து வெள்ளைக்கார ஏஜண்டர் துரையே ஆளைக் கூப்பிட்டு அனுமதி கொடுத்தாராம். வெள்ளைக்காரன் துவக்கு வைத்திருக்க யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஊர்ச்சனம் கேட்டாலும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருந்தோம். வரி தண்டவும் கள்ளரைப் பிடிக்கவும் ஊரை அமைதியாக வைத்திருக்கவும் துரை தந்தது என்று ஐயா சொல்வார். ஊரை அமைதியாக வைத்திருப்பது என்றால் என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. துரை தந்தது என்ற பெருமையே எனக்கு வயிறு நிறையப் போதுமாக இருந்தது.

மெல்பேர்னுக்கு வந்த பிறகும் அந்தப் பெருமையை நான் விடவில்லை. எழுபதுகளின் நடுவில் நோபல் பார்க்கில் எங்களைப்போல ஒரு சில குடும்பங்கள்தான் இருந்தன. பொங்கலுக்கு எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டு முடிந்ததும், "எங்கை, உங்கடை வெடிக்கதையைச் சொல்லுங்கோ" என்று யாராவது தொடங்குவார்கள். சும்மா சொல்லக்கூடாது, நான் நன்றாகத்தான் சொல்வேன். ஐயாவைப்போல மீசையைத் தடவி, அகப்பையைத் துவக்காகத் தோளில் வைத்து, 'டுமீல்' என்று கத்துவேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

என் கணவர் மட்டும் அந்த நேரம் பார்த்து எழும்பிவிடுவார். "கதிரை போதாது போல கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போவார். எங்கள் வீட்டில் சனம் உட்காரக் கதிரை ஒருநாளும் குறைந்ததில்லை. வந்த சனத்தை விட்டுவிட்டுப் போகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவரும் எங்கள் ஊர்தான், ஆனால் குளத்துக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களை நாங்கள் கோயிலுக்குள் விடுவதில்லை. எங்கள் நல்லதண்ணிக் கிணற்றில் அள்ளவும் விடுவதில்லை. வாளியோடு தள்ளி நின்றால் எங்களில் யாராவது ஊற்றிவிடுவோம். அவரை நான் கண்டு பேசியதே பல்கலைக்கழகக் கம்பஸில்தான், அவர் இன்ஜினியரிங் படித்த காலத்தில். கொழும்பில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு இங்கே வந்துவிட்டோம். ஐயா என்னை ஒரேயடியாகத் தலைமுழுகினார்.

பிறகு ஊரில் இரண்டு காரியம் நடந்தது. நாட்டில் குழப்பம் வந்தபோது துவக்குகளை எல்லாம் பொலிசில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஐயாவும் கொண்டுபோய்க் கொடுத்தார், அது திரும்பி வரவில்லை. கொஞ்சக் காலத்தில் அம்மாவும் போய்விட்டா. துவக்கும் இல்லை, அம்மாவும் இல்லை என்றான பிறகு மனுசன் இறங்கி வந்தார். ஒரு மார்கழி மாதம் எங்களோடு கொஞ்ச நாள் நிற்க வந்து சேர்ந்தார்.

வரும்போது தன்னுடைய வெள்ளித் தம்ளரையும் கொண்டுவந்தார். "வேறை ஏதனத்திலை குடிச்சால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, பிள்ளை." எங்கள் குசினியில் சமைத்ததைச் சாப்பிட்டார், எங்கள் மேசையில் இருந்தார், தண்ணீர் மட்டும் அந்தத் தம்ளரில்தான். நானும் அதைத் தனியாகக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனாலும் வாயைத் திறக்கப் பயம். ஐயா திரும்பிப் போவதற்குள் இவரை ஒருமுறையாவது 'மருமகன்' என்று கூப்பிட்டுவிடவேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதுவரைக்கும் 'அவர்', 'உங்கடை ஆள்' என்றுதான் ஓடியது.

பண்ணைக்குப் போகிற யோசனை என் கணவருடையது. "ஐயாவுக்குத் துவக்கெண்டால் விருப்பம்தானே. என்ரை மனேஜரின்ரை தகப்பனிட்டை வீடு நிறையக் கிடக்காம். கூட்டிக்கொண்டு போவம்." பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை போனோம். காய்ந்த புல்லும் செம்மறிகளும், வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடையும். மனேஜரின் தகப்பன், அந்த வெள்ளைக்காரக் கிழவனார், நல்ல மனுசன். தேத்தண்ணியும் கேக்கும் தந்து, சுவரில் மாட்டியிருந்த துவக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஐயாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்! வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை.

மேலே இருந்த ஒரு பழைய துவக்கைக் கிழவனார் தொடவிடவில்லை. "இது என் பூட்டனுடையது. அவர்கள் இந்த நிலத்தைப் பிடித்தபோது யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஒவ்வொரு ஆணுக்கும் துவக்கு வைத்திருக்கிற உரிமை இருந்தது. இல்லாவிட்டால் நிலமும் இல்லை."

"நரி, நாய்களுக்காகவா?" என்று ஐயா தன் கச்சேரி ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதற்கும்தான்." கிழவனார் நாடியால் ஓடைப் பக்கம் காட்டினார். "கறுப்பு ஆட்கள் அதற்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். தண்ணீருக்கு இங்கே வரப் பார்ப்பார்கள்."

காலநிலையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஐயா தலையாட்டினார். அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவருக்குக் கனகாலத்துக்குப் பிறகு ஒரு கூட்டாளி கிடைத்திருந்தார். "எங்களுக்கும் அப்படித்தான்," என்றார். "எங்கள் கிணற்றுக்கும் கோயிலுக்கும் சில ஆட்கள் வரப் பார்த்தார்கள். அதனால்தான் அரசாங்கம் எங்கள் குடும்பத்துக்குத் துவக்கு தந்தது."

ஐயா இதுவரை சொல்லிவந்த கள்ளர் போனார்கள், வரி போனது. ஒருவர் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

கிழவனார் ஐயாவின் தோளில் தட்டினார். பிறகு மரியாதைக்காக என் கணவர் பக்கம் திரும்பினார். "உங்கள் குடும்பத்திலும் துவக்கு இருந்ததா?"

"இல்லை," என்றார் என் கணவர். "நாங்கள் ஓடைக்கு அந்தப் பக்கம்."

கிழவனாருக்கு விளங்கவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்துவிட்டு, பழைய காலத்தை நினைத்து ஒன்று சுட்டுப் பாருங்கள் என்று ஐயாவின் கையில் ஒரு துவக்கைக் கொடுத்தார். எல்லாரும் வெளியே வந்தோம். என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையோடு காரடியில் போய் நின்றார். ஐயா தோளில் வைத்து ஆகாயத்தைப் பார்த்துச் சுட்டார்.

திரும்பிப் பார்க்கிறேன், என் கணவரைக் காணவில்லை. காருக்குப் பக்கத்தில் புழுதியில் குப்புறக் கிடந்தார், இரண்டு கையும் தலைக்கு மேலே. வெள்ளைச் சட்டை முழுக்கத் தேத்தண்ணி.

"இன்ஜினியருக்குச் சத்தம் பழக்கமில்லை!" என்று கிழவனார் சிரித்தார். மானம் போகிறதே என்று நானும் சிரித்தேன். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. துவக்கைத் தாழ்த்திப் பிடித்தபடி கீழே கிடந்தவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கார் பெரிய ரோட்டுக்கு ஏறியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னப்பா நீங்கள், வெள்ளைக்காரருக்கு முன்னாலை குழந்தைப்பிள்ளை மாதிரி! ஒரு வெடிக்கே விழுந்து படுக்கிறதே?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "யோசிச்சு விழேல்லை. அது தானா வந்திட்டுது. பொங்கலண்டு உங்கடை வெடி கேட்டவுடனை அம்மா எங்களை நிலத்திலை அமத்திப்போட்டு மேலை படுப்பா."

"ஏன்? ஆகாயத்துக்குத்தானே சுடுறவர்."

பின்சீட்டிலிருந்து ஐயாவின் குரல்தான் வந்தது. "ஆகாயத்துக்கில்லை, பிள்ளை."

நான் திரும்பிப் பார்த்தேன். ஐயா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "குளத்துக்கு மேலாலை, அவையின்ரை கூரைப் பக்கம். என்ரை ஐயா அப்பிடித்தான் பழக்கினவர். வருசத்திலை ஒருக்கால் கேக்கவேணும் எண்டு சொல்லுவார். ஒருத்தருக்கும் பட்டதில்லை."

"இல்லை, படேல்லை," என்றார் என் கணவர். "கிடுகுக் கூரையிலை துவக்குச் சன்னம் மழைத்துளி மாதிரி விழும். அது நிண்ட பிறகுதான் அம்மா எழும்பிப் பானையைப் பாப்பா. எப்பவும் அடிப்பிடிச்சிருக்கும்."

ஐயோ, அகப்பையைத் தோளில் வைத்து எத்தனை பொங்கலுக்கு 'டுமீல்' போட்டிருப்பேன்! அந்த மனுசன் கராஜில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். கதை எனக்குத் தெரியாது என்று சொல்லலாம், உண்மையும் அதுதான். அப்படிச் சொல்லி மனம் ஆறவில்லை. குளத்துக்கு அந்தப் பக்கம் என்ன கேட்கும் என்று ஒரே படுக்கையில் படுக்கிற மனுசனிடம் நான் கேட்டதேயில்லை. வீட்டுக்கு வந்து ஐயாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன், அதே வெள்ளித் தம்ளரில். அவரும் வாங்கிக் குடித்தார்.

பொங்கல் வந்தது. வழக்கம்போல வீடு நிறையச் சனம். சாப்பிட்டு முடிந்ததும் ஓர் அன்ரி கையைத் தட்டினா. "எங்கை, வெடிக்கதை! இந்த முறை ஐயாவே வந்திருக்கிறார், இன்னும் நல்லாச் சொல்லவேணும்." யாரோ அகப்பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். ஐயா குனிந்து தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் எழும்பவில்லை. அந்த ஒரு முறைதான் அவர் தன் கதிரையிலேயே இருந்தார். கோபமில்லாமல், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன், ஐயாவைப் பார்த்தேன், சிரிப்பதற்குத் தயாராக இருந்த சனத்தைப் பார்த்தேன்.

"அதெல்லாம் பழைய கதை, விடுங்கோ," என்றேன். "ஆருக்குப் பாயசம் வேணும்?"

என் கணவர் எழும்பி, "கதிரை போதாது போல கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனார்.