மாமியாருக்குக் கத்தி வைத்தவன்

வின்ஜேரு பதினோரு வருஷமாக மாமியாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை. வடக்கு மலாவியில் அதுதான் மரியாதை. எதிரே மாமியார் வந்தால் பாதையை விட்டு இறங்கிச் சோளக்கொல்லைக்குள் நின்றுகொள்வான். பேச்செல்லாம் இன்னொருவர் மூலம்தான். அதற்காக அந்த மாமியார் நியாகோண்ட்வே வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். "டாக்டருக்குப் பொண்ணு குடுக்கறோம்னாங்க. வந்தது அரை டாக்டரு" என்று அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவனுக்கு மருத்துவப் பட்டம் கிடையாதுதான். மூன்று வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி; அந்த நாட்டில் அதை முடித்தவர்களும் கத்தி பிடிக்கலாம். அவன் வேலை பார்த்த கிராமத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவனே. அறுநூறு சிசேரியனுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டான்.

மழைக்காலத்தில் ஒரு காலை நியாகோண்ட்வேயை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். தொடையிடுக்கில் குடல் இறங்கி மாட்டிக்கொண்டு கல்லாக வீங்கியிருந்தது. பெரிய ஊர் சர்ஜனிடம் அனுப்பலாமென்றால் பாலம் வெள்ளத்தோடு போய்விட்டது. இன்றைக்குள் திறக்காவிட்டால் பிழைக்க மாட்டாள்.

"செத்தாலும் சாவேன், மாப்பிள்ள முன்னாடி துணி விலக்க மாட்டேன்" என்றாள்.

வின்ஜேரு கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்து நின்றபடி நர்ஸ் சிம்வாலாவிடம் பேசினான். "அம்மாகிட்ட சொல்லுங்க சிஸ்டர். முகத்துக்கு முன்னால திரை. உடம்பு பூரா பச்சைத் துணி. எனக்குத் தெரியப்போறது ஒரு கையகலத் தோலு. அது யாரோடதுன்னு அதுல எழுதியா இருக்கு?"

உள்ளேயிருந்து மாமியாரின் பதில் வந்தது. "அந்தாளு வாயத் திறக்கக்கூடாது. குரல் கேட்டுச்சு, எந்திரிச்சுப் போயிருவேன்."

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனவள் எங்கே எழுந்து போவது? இருந்தாலும் அவன் வாய் திறக்கவில்லை. கத்தரி, இடுக்கி எல்லாவற்றையும் விரலாலேயே கேட்டு வாங்கினான். வெளியே வந்த குடல் கருநீலமாக இருந்தது. வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியை அதன்மேல் போர்த்திக் காத்திருந்தான். நிறம் திரும்பினால் உள்ளே வைத்துவிடலாம். இல்லையென்றால் வெட்டித் தைக்க வேண்டும். அதை அவன் தனியாகச் செய்தது ஒரே தடவை, அந்த ஆள் பிழைக்கவில்லை. வின்ஜேருவுக்குப் பயமாக இருந்தது.

"ஏம்மா சிம்வாலா, கத்தரிச் சத்தத்தையே காணோமே?" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள் மாமியார்.

"அவரு காத்திருக்காரும்மா."

கொஞ்ச நேரம் கழித்து, "மாப்பிள்ள" என்றது அதே குரல். இந்தத் தடவை நர்ஸிடம் இல்லை. "பயப்படாதீங்க. நான் எங்கயும் எந்திரிச்சுப் போகல. நிதானமாப் பாருங்க."

வின்ஜேரு துணியை விலக்கினான். ஓரத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டு வந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"நிறம் திரும்பிருச்சும்மா!" என்றான் சத்தமாக.

"அப்பத் தைங்க" என்றாள் அவள். "இனிமே அடிபம்புல நான் என்னத்தச் சொல்லிச் சிரிக்கறது?"