ஆண் என்று நம்பிய மீன்

மத்தியான வேளைகளில் சித்தியும் நானும் மீன்தொட்டிக்கு முன்னால் தரையில் படுத்துக் கிடப்போம். கண்ணாடி வழியே வரும் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் ஆடும். துறைமுகத்தில் எங்கோ ஒரு கப்பல் ஊதும். நாங்களும் தண்ணீருக்கடியில் கிடப்பது போல எனக்குக் கண் சொக்கும். அப்படியொரு சுகத்தை அதற்கப்புறம் நான் கண்டதேயில்லை.

தொட்டியில் இரண்டு மோலி மீன்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சித்தப்பா வாங்கி வந்தவை. கறுப்பு ஆண், ஆரஞ்சு பெண் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இத்தனைக்கும் மீன் தின்றே வளர்ந்த குடும்பம். குழம்பில் கிடப்பதை ஆணா பெண்ணா என்று யார் கேட்கிறார்கள்? மோலி முட்டையிடாது, குட்டியே போடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து சித்தி அந்த ஆரஞ்சு மீனின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் பிள்ளை இல்லை. அம்மாவும் அத்தையும் மாறி மாறி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். வெறும் வயிற்றில் கசாயம், மாதா கோயிலில் நவநாள் ஜெபம், எல்லாம் அவளுக்குத்தான். சித்தப்பா நல்ல மனுஷர். ஆனால் இந்தப் பேச்சு வந்தாலே செல்போனுக்குள் தலையை விட்டுக்கொள்வார். சித்தியைக் கொஞ்ச நாள் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று அத்தை சொல்ல ஆரம்பித்திருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து நானும் அந்த மீனின் வயிற்றைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மீன் குட்டி போட்டால் சித்தி சந்தோஷமாக இருந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு கணக்கு. இரண்டையும் ஒரு வாளியில் விட்டு, தெருமுனை வளர்ப்புமீன் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி ஒவ்வொன்றாக வலையில் எடுத்து, வயிற்றடித் துடுப்பைப் பார்த்தார். ஆணுக்கு அது ஈர்க்குச்சி மாதிரி ஒல்லியாக இருக்குமாம், பெண்ணுக்கு விசிறி மாதிரி விரியுமாம். எங்களுடையவை இரண்டுமே பெண்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். விளமீன் குழம்பு. அத்தை தொட்டியைப் பார்த்துவிட்டு, சித்தியின் காதில் விழும்படியே சொன்னாள்.

"இந்த வீட்டுல மீனுக்குக்கூட ஒண்ணும் தங்க மாட்டேங்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடையில ரெண்டு மீனயுந்தான் புடிச்சுப் பாத்தாவ, அத்தை. சித்திய மட்டும் ஏன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறிய?"

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அப்பா தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தார். அத்தை தன் தட்டிலிருந்த மீனில் முள் பொறுக்க ஆரம்பித்தாள். சித்தப்பா பிசைந்த சோற்றையே திரும்பவும் பிசைந்தார். பிறகு தலை நிமிராமலே சித்தியிடம் சொன்னார்.

"நாளைக்கு நானும் வாரேன். என்னையும் பாக்கட்டும்."

 சித்தி அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள். சோறு மூழ்கி, விளிம்பு தாண்டித் தரையில் வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டேயிருந்தாள். சித்திக்குச் சரியாகக் கண் தெரியவில்லை, கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.