சில்வர் பெயிண்ட் அடித்த டப்பா

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவளத்தில் கேபிள் இணைப்பு கொடுப்பது என் வேலை. அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவள் புருஷன், என் மாமா, மீன் பிடிக்கக் கடலுக்குப் போகாமல் முடியாது. அவர் வலை போடும் இடத்தில் போன் எடுக்காது.

"அவ கூப்ட்டா எனக்குத் தெரியணும் மச்சான். அத மட்டும் பண்ணிக்குடு" என்றார்.

இதற்கென்று கடையில் விற்கும் கருவி எங்களுக்குக் கட்டாது. கேளம்பாக்கத்தில் ஒரு ஆபீஸ் காலி செய்தபோது கழித்துப்போட்ட வைஃபை ரூட்டரை வாங்கினேன். கடல் பக்கம் மட்டும் ரேடியோ அலை போகும்படி ஒரு ஆன்டெனா கட்டினேன். உப்புக்காற்று படாமல் இரண்டையும் பிளாஸ்டிக் மாவு டப்பாவுக்குள் வைத்து, ஐஸ் கொட்டகைக் கூரையில் குழாய் நட்டு ஏற்றினேன். படகில் பேட்டரியோடு இன்னொரு சின்னப் பெட்டி. இன்டர்நெட் கிடையாது. எங்கள் போனில் கூப்பிட்டால் படகுப் பெட்டியில் மணி அடிக்கும், கரையும் படகும் பேசிக்கொள்ளும், அவ்வளவுதான்.

முதல் நாள் அக்கா படுத்தபடியே போனில் மாமாவோடு பேசினாள்.

"இன்னா மீனு?"

"காரப்பொடி."

"அத்த நீயே துன்னு. வஞ்சிரம் கெடச்சா வூட்டுக்கு வா."

மாமா சிரித்தது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பிறகு ஒரு வாரம் படகைக் கரையேற்றிப் பெயிண்ட் அடித்தார்கள். மீந்த சில்வர் பெயிண்டை மாமா என் டப்பாவுக்கும் இரண்டு கை பூசிவிட்டார். உப்பு அரிக்கக்கூடாது என்று எங்கள் ஆட்கள் எதற்கும் அதைத்தான் பூசுவார்கள். நான் அப்போது செங்கல்பட்டில் வேலையாக இருந்தேன்.

படகு மறுபடி இறங்கிய அன்று காலையில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அந்தாள வரச்சொல்லு" என்றாள். படகைக் கூப்பிட்டேன், போகவில்லை. கொட்டகைக்கு ஓடினேன். டப்பா வெயிலில் பளபளத்தது. அந்தப் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள், ரேடியோ அலையைத் தாண்ட விடாது. மேலே ஏறி டப்பாவைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆன்டெனாவை வெறுமனே கடலுக்குக் காட்டினேன். படகில் மணி அடித்தது, மாமா எடுத்தார்.

"மாமா, வந்துடு."

நான் கீழே இறங்குவதற்குள் வீட்டிலிருந்து அழுகை கேட்டது. நானும் பக்கத்தில் இல்லை.

மாமா ஈரக்காலோடு வந்து அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டப்பாவ ஏன் கழட்டிக்கீற? நல்லாத்தான பெயிண்ட் அடிச்சேன். அப்டியும் தண்ணி பூந்துச்சா?"

"ஆமா மாமா. தண்ணிதான்" என்றேன்.

மறுநாள் அக்காவைப் புதைத்தோம். சாவு விழுந்ததால் வழக்கப்படி அன்று எந்தப் படகும் இறங்கவில்லை.