முட்டைத் திருடன்

சைமிக்கு மனசு நல்ல மனசுதான். வாய்தான் எப்போதும் முந்திக்கொள்ளும்.

எங்கள் லாப்லாந்து ஆற்றங்கரையில் பொந்து விழுந்த கிழமரங்களை எல்லாம் வெட்டித் தீர்த்தபின், மரப்பொந்தில் முட்டையிடும் பொற்கண் வாத்துக்குக் குடியிருக்க இடமில்லாமல் போயிற்று. சைமிதான் மரக்கட்டைகளைக் குடைந்து பைன் மரங்களில் கூடாகக் கட்டிவிட்டாள். பதிலுக்கு வசந்தத்தில் சில முட்டைகளை எடுத்துக்கொள்வாள். மிச்சம் வைத்தால் வாத்து இன்னும் இடும். இங்கே எல்லோரும் செய்வதுதான். ஆனால் அடுத்தவர் கட்டிய கூட்டில் கை வைக்கக் கூடாது. அடுத்தவன் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு போனவனைக்கூட மன்னித்திருக்கிறோம், கூட்டில் கை வைத்தவனை மன்னித்ததில்லை.

ஒரு வசந்தத்தில் அவள் கூடுகள் வரிசையாகக் காலி. மரநாய் தின்றால் ஓடு சிதறிக் கிடக்கும் என்பது நாங்கள் போட்டு வைத்திருந்த கணக்கு. ஓடு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் மனுஷன்தான். அந்த வாரம் ஏணியோடு கரையில் போனவன் ஏவெர்த்.

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கும்போது சைமி குரலை உயர்த்தினாள்.

"ஏவெர்த், என் கூட்டு முட்டை ருசியா இருந்துச்சா?"

"நான் கூரை சரிபண்ண ஏணி எடுத்துட்டுப் போனேன், சைமி."

யார் நம்பினார்கள்? அன்றிலிருந்து அவன் முட்டைத் திருடன். அவன் மனைவி லெம்பி கடையில் முட்டை கேட்டால், "உன் வீட்லதான் கொட்டிக் கிடக்குமே!" என்று சிரிப்பார்கள். இருவரும் காபிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

பல வருஷம் கழித்து எங்கள் ஆறு பாதுகாக்கப்பட்ட ஆறு ஆனது. நீர்நாய் திரும்பி வந்தது, சால்மன் மீன் ஏறி வந்தது. முட்டை எடுக்கத் தடையும் வந்தது. சைமி திட்டிக்கொண்டே கூடு கட்டினாள். "முட்டை போனா போகுது. வாத்து என்ன தெருவுலயா நிக்கும்?"

போன வசந்தத்தில் பறவைக் கணக்கெடுக்க வந்தவர்கள் மரத்தில் கேமரா பொருத்தினார்கள். படத்தில் ஒரு மரநாய் முட்டையை உடையாமல் வாயில் கவ்விக்கொண்டு இறங்கியது. திரும்பி வந்து இன்னொன்று எடுத்தது. எல்லாவற்றையும் தூரத்தில் பாசிக்கடியில் புதைத்து வைத்தது.

சைமி அன்றே ஏவெர்த் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நீ எடுக்கல. மரநாய்தான்."

"நான் எடுக்கலன்னு எனக்கு அப்பவே தெரியுமே. திருடன்னு ஊரே கேக்கக் கத்தின. இப்ப வாசல்ல வந்து கிசுகிசுக்கிறியா?"

"அப்ப ஞாயித்துக்கிழமை காபிக்கு வா."

வந்தான். சைமி நாற்காலிமேல் ஏறி நின்றாள். "ஏவெர்த் திருடல! வீண்பழி போட்டது நான்தான்!"

கதவருகே நின்ற ஏவெர்த், "இதை லெம்பி கேட்டிருக்கணும். ஊர் சிரிச்சதுல நொந்துபோனது அவதான்," என்றான்.

லெம்பி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கோப்பையை வைத்துவிட்டுச் சைமி நேரே கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தாள். கையில் கோப்பையோடு நாங்களும் பின்னால் போனோம். லெம்பியின் கல்லுக்கு முன் நின்று, அன்றைக்குக் கத்திய அதே குரலில் கத்தினாள்.

"லெம்பி! உன் புருஷன் திருடன் இல்ல!"

ஏவெர்த் தொப்பியைக் கழற்றினான்.

"இன்னொரு தடவ சொல்லு," என்றான். "அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."