ஐந்தாம் வகுப்பில் தலைக்கட்டு

உள்ளாட்சிப் பாடத்தை வருஷா வருஷம் வாயாலேயே நடத்தி வந்தேன். வாக்காளர், வேட்பாளர், ஊராட்சி மன்றம் என்று எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், எனக்கும் தொற்றிக்கொள்ளும். போன வருஷம் ஒரு பயிற்சியில், எதையும் செய்து காட்டி நடத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சரி, வகுப்புத் தலைவரைத் தேர்தல் வைத்தே தேர்ந்தெடுப்போம் என்று கிளம்பினேன். சும்மா இருந்திருக்கலாம்.

செந்துறைப் பக்கத்து ஊர் அது. அரியலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் வருவேன். என் ஐந்தாம் வகுப்பில் பையன்களைவிடப் பெண்பிள்ளைகள் கொஞ்சம் அதிகம். தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் வகுப்புச் சண்டியர், இன்னொருத்தி பெரிய வாயாடி. அவளுக்கு அந்தப் பதவிமேல் கொள்ளை ஆசை. எப்போதும் பரட்டைத் தலையோடு வருகிறவள், அந்த வாரம் முழுக்கப் படிய வாரி, ரிப்பன் கட்டி வந்தாள். அவள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். தேர்தல் நடத்துகிறவள் என்பதால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

யார் யாருக்கு ஓட்டுப் போடும் உரிமை உண்டு என்று நீங்களே பேசிப் பட்டியல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டைக் கவனிக்கப் போனேன். திரும்பி வந்தால் கரும்பலகையில் பையன்கள் பெயர் மட்டும் இருந்தது.

அப்போது ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி வசூல் நடந்துகொண்டிருந்தது. கல்யாணமாகித் தனி அடுப்பு வைத்த ஆண்பிள்ளை ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி, ஊர்க்கூட்டத்தில் ஒரு பேச்சு. பெண்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள். தோல்வி நிச்சயம் என்று கண்ட பையன்கள் அந்தச் சட்டத்தை அப்படியே வகுப்புக்குள் தூக்கி வந்துவிட்டார்கள். இதில் பெரியப்பா சித்தப்பா மகன்கள் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே ஓட்டு, ஒரே அடுப்பாம். அவர்கள் விடுவார்களா? போன மாதமே பாகம் பிரிந்தாயிற்று என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆணும் பெண்ணும் சமம், சட்டமே அப்படித்தான் சொல்கிறது என்று தொண்டை கிழியப் பேசினேன். சண்டியர் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "உங்க வூட்டுல வரி யாரு பேருல டீச்சர்?" என்றான்.

என் வீட்டுக்காரர் பேரில்தான். சம்பளம் என்னுடையது, ரசீது அவருடையது. சாக்பீஸைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

வாயாடிதான் எழுந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"செரிங்க டீச்சர், தலைக்கட்டு உள்ளவங்களே ஓட்டுப் போடட்டும். வகுப்பக் கூட்டறது, தண்ணி புடிச்சு வக்கிறது, அதையும் அவங்களே பாத்துக்கட்டும். கணக்குலயே இல்லாத நாங்க எதுக்குச் செய்யணும்?"

சொன்னதோடு விளக்குமாற்றைக் கொண்டுபோய்ச் சண்டியர் முன்னால் வைத்தாள். அன்று சாயங்காலம் பையன்கள் கூட்டியதில் குப்பை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் குடிபோனது, அவ்வளவுதான். தண்ணீர்க் குடம் பாதி வழியிலேயே கவிழ்ந்தது. மறுநாள் முதல் வேலையாக எல்லார் பெயரும் கரும்பலகையில் ஏறியது.

அவள் ஜெயித்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைவராகி முதலில் என்ன செய்யப்போகிறாய் என்று பெருமையாகக் கேட்டேன். பையன்களைத்தான் ஒரு கை பார்ப்பாள் என்று நினைத்தேன்.

"பேரு கூப்புடறப்ப எப்பவும் பையன்களத்தான் மொதல்ல கூப்புடறீங்க டீச்சர். நாளையிலேருந்து எங்கள மொதல்ல கூப்புடுங்க."

பதிவேட்டில் ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்றுதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது எனக்கு உறைத்ததே இல்லை. மறுநாள் காலையில் பக்கத்தின் பாதியிலிருந்து ஆரம்பித்தேன். பெண்களில் முதலாவதாக இருந்த அவள் பெயரைக் கூப்பிட்டதும், தினமும் முதலில் எழுகிற பழக்கதோஷத்தில் சண்டியர் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்த பிறகு, நிதானமாக எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்று அவள் சொன்னாள்.