அம்மா நேர்ந்துகொண்ட உப்பில்லாச் சாப்பாடு

அண்ணாமலையானை நம்பியிருக்கிற உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எனக்கு வந்தது மனநோய்.

எழுபத்தெட்டாம் வருடம். அடி அண்ணாமலையில் எங்கள் வீடு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டீச்சர் டிரெயினிங் முடித்து, கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காலையில் நான் பஸ்ஸுக்குப் போகும்போது, கடலைக் கொல்லையில் நின்றபடி, "டீச்சரம்மா, பாத்துப் போங்க" என்று ஊருக்கே கேட்கும்படி கத்துவார். வெட்கமாக இருக்கும். பெருமையாகவும் இருக்கும்.

அந்த ஆவணியில் என் தூக்கம் போனது. களைப்பே தெரியவில்லை. பேச்சு நிற்கவில்லை. மணி அடித்த பிறகும் பிள்ளைகளை விடாமல் பாடம் நடத்தினேன். வீட்டுக்கு வந்ததும் உட்காராமல் மலை சுற்றக் கிளம்பிவிடுவேன். எதிரே வருகிறவர்களை நிறுத்தி, உங்கள் மனசில் இருப்பதைச் சொல்கிறேன் என்பேன். ஊர் அதை நோய் என்று நினைக்கவில்லை. அருள் வந்திருக்கிறது என்றது. பெண்கள் எலுமிச்சம்பழமும் குங்குமமுமாக எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். காணாமல் போன மாடு வேங்கிக்கால் பக்கம் மேய்கிறது என்று ஒருத்திக்குச் சொன்னேன். என் கெட்ட நேரம், மாடு அங்கேதான் இருந்தது. அதன்பிறகு கூட்டம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது.

மார்கழியில் எல்லாம் அடங்கியது. பாயை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. தலை வாரச் சீப்பைத் தூக்கினால் கை கனத்தது. செத்துப் போனால் தேவலை என்று தோன்றியது. "சாமி மலையேறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்கள் எல்லாம் எழுந்து போனார்கள். அம்மா போகவில்லை. என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்துக் கைகூப்பி வேண்டிக்கொண்டாள்.

"அண்ணாமலையாரே, எம் பொண்ணுக்குப் புத்தி தெளியட்டும். அடுத்த கார்த்திகை பொறந்ததுலேருந்து தீபம் வரைக்கும் அவ உப்பில்லாம சாப்பிடுவா."

நானும் கேட்டேன். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். வகுப்பில் நிற்கிற அளவுக்கு என் புத்தியைக் கொடு. அதுதான் என் வேண்டுதல்.

எங்கள் தலைமை ஆசிரியை வீட்டுக்கு வந்து பார்த்தார். "இது அருளும் இல்ல, பேயும் இல்லங்க. வியாதி. வைத்தியம் இருக்கு" என்று நைனாவிடம் சொல்லி, வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார். முதலில் கொடுத்த மாத்திரையில் பகலெல்லாம் தூக்கம். அடுத்ததில் உடம்பு கட்டைபோல் இறுகியது. மூன்றாவதாக வந்தது லித்தியம். ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்து அளவை ஏற்றினார்கள், குறைத்தார்கள். அந்தக் கோடை முடிவதற்குள் என் காலடியில் தரை வந்து நின்றது. எனக்கு அப்படித்தான் இருந்தது.

பள்ளி திறந்ததும் வேலைக்குப் போனேன். பஸ்ஸில் ஒரு அம்மா மெதுவாக என் கையைத் தொட்டு, "சாமி இப்ப ஏதாச்சும் சொல்லுதாம்மா?" என்று கேட்டாள்.

"உன் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேக்கச் சொல்லுதும்மா" என்றேன். சேர்த்துவிட்டாள்.

கார்த்திகை பிறந்தது. அம்மா சந்தோஷமாகத் தன் வேண்டுதலைச் செலுத்த ஆரம்பித்தாள். எனக்கென்று தனிச் சட்டியில், உப்பில்லாமல் சோறும் குழம்பும் வந்தன. நானும் பக்தியோடு சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் கை நடுங்கியது. சாக்பீஸ் விரலில் நிற்கவில்லை. வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். நடந்தால் கால் பின்னியது. நாக்குக் குழறியது.

"எல்லாம் மாத்திரை சூடு. அதைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்றார்கள் பார்க்க வந்தவர்கள்.

அதுதான் எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. மாத்திரையை விட்டால் மறுபடி அந்தப் பாய். விடாவிட்டால் இந்த நடுக்கம். விளக்கின் முன்னால் விழுந்து அழுதேன். இந்த மருந்து நீ கொடுத்தது என்று நம்பினேனே, நீயே பிடுங்கிக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டேன்.

நைனா துண்டை உதறித் தோளில் போட்டார். "குடுத்தவங்களையே கேட்டுடலாம். கெளம்புங்க டீச்சரம்மா."

வேலூரில் என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். பிறகு அம்மாவிடம் கேட்டார். "சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தலீங்க. உப்பு மட்டும் போடறதில்ல. வேண்டுதல்" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்தார். "அம்மா, இந்த மாத்திரையே ஒரு தினுசு உப்புதான். சாப்பாட்டுல உப்பு கம்மியானா, உடம்பு இந்த உப்பை வெளியே விடாம புடிச்சு வெச்சுக்கும். அதான் அளவு மீறிப் போச்சு. மருந்து சரியான மருந்துதான். உப்புப் போட்டுச் சாப்பிடட்டும்."

சில நாள் மாத்திரையை நிறுத்தி, டிரிப் ஏற்றினார்கள். நடுக்கம் அடங்கியது. மறுபடி குறைந்த அளவில் ஆரம்பித்தார்கள். என் மருந்து எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அம்மாவுக்கு நிம்மதியில்லை. "சாமிக்குச் சொன்ன வார்த்தை பாதியில நிக்குதேடி" என்று புலம்பினாள். சாமி கோபத்தில் எனக்கு மறுபடி வந்துவிடுமோ என்று பயந்தாள். ஊர் திரும்பியதும் நேரே கோவிலுக்குப் போய், தெரிந்த குருக்கள் ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டார். "நேர்ந்துண்டது யாரு?"

"நான்தாங்க சாமி."

"யார் நாக்கை நேர்ந்துண்டே?"

"எம் பொண்ணு நாக்கை."

"அதென்ன, அடுத்தவா நாக்கை எடுத்துக் குடுக்கறது? உன் நாக்கைக் குடு. ஸ்வாமி வாங்கிப்பார். குழந்தை நன்னா சாப்பிடட்டும்."

அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நைனா என்னைப் பார்த்துச் சொன்னார். "இவ நாக்கு மட்டும் பத்தாது. எந்நாக்கும் நீளந்தான், நானும் சேந்துக்கறேன்."

தீபம் வரைக்கும் இரண்டு பேரும் உப்பில்லாமல் சாப்பிட்டார்கள். நைனா ஒவ்வொரு கவளத்துக்கும் முகத்தைச் சுளித்துவிட்டு, "அடடா, தேவாமிர்தம்" என்பார். விரதத்தில் இருந்ததால் அம்மாவால் என் குழம்பை ருசி பார்க்க முடியாது. கரண்டியை என்னிடம் நீட்டி, "உப்பு போதுமாடி? பாத்துச் சொல்லு" என்று தினமும் கேட்பாள். போதும்மா என்பேன். மலைமேல் தீபம் தெரிந்தபோது நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். என் கூப்பிய கை நடுங்கவில்லை.

அதன்பிறகு இருபது வருடங்கள் போய்விட்டன. இன்றும் அந்த மாத்திரையைச் சாப்பிடுகிறேன். வேலூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். இன்றும் வகுப்பில் நிற்கிறேன். நான் கேட்டதற்கு ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அண்ணாமலையான் அளந்துதான் கொடுத்தான்.

உங்கள் வீட்டில் தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிற பிள்ளையோ, பாயை விட்டு எழாத பிள்ளையோ இருந்தால், எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அண்ணாமலையானிடம் அழுங்கள், கேட்பான். கேட்டுவிட்டு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போனால், என்ன நேர்ந்துகொண்டீர்கள் என்பதையும் மறக்காமல் அங்கே சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளைக்காக எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எங்கள் அம்மாவைப் போல உங்களுடையதை விடுங்கள். அவன் வாங்கிக்கொள்வான்.